மூன்று மருந்து கலந்த 15 கிராம் டியூப்: ஐந்து மாதம் பூசிய அனுபவம்

ஈரோட்டில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பத்து அறை, மூன்று மெஷின், ஒரு அயர்ன் பாக்ஸ். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்பதால் பங்குனி பிறந்துவிட்டால் ஃபேன் காற்றே சூடாகத்தான் வரும். காலையில் கட்டிய சேலை மதியத்துக்குள் இடுப்பில் நனைந்துவிடும். போன வருடம் பங்குனி கடைசியில், பாவாடை நாடா அழுத்தும் இடத்தில், இடப்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. ஓரம் தடித்து, பொடிப் பொடியாகத் தோல் உரிந்து, நடுவில் மட்டும் தெளிவாக இருந்தது. அம்மா பார்த்த உடனேயே "படர்தாமரை" என்றார். அது சரிதான். அதற்கு மேல் நான் செய்தது எல்லாமே தப்பு. அந்தத் தப்புக்குக் காரணமான கிரீமைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

மருந்துக்கடையில் இடத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தது. "இடுப்புல அரிப்புங்க" என்று மட்டும் சொன்னேன். அந்தத் தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் இருந்த அடுக்கில் கைவிட்டு ஒரு டியூபை எடுத்து வைத்தார். "இதைப் போடுங்க்கா. மூணு மருந்து ஒண்ணுல இருக்கு. எதுவா இருந்தாலும் மூணு நாள்ல கேக்கும்." 15 கிராம், 95 ரூபாய். சீட்டு கேட்கவில்லை. எத்தனை நாள் பூச வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிரீமின் பெயரை எழுதப்போவதில்லை. இதே கலவையில், கொஞ்சம் முன்பின்னாக, பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. ஒரு பெயரைச் சொன்னால் நீங்கள் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்ததை வாங்கிவிடுவீர்கள். பார்க்க வேண்டியது டியூபின் பின்பக்கம். என்னுடையதில் இருந்தது இது: க்ளோபெட்டசால் புரோப்பியோனேட் 0.05 சதவீதம், நியோமைசின் சல்பேட் 0.5 சதவீதம், மைக்கோனசோல் நைட்ரேட் 2 சதவீதம். முதலாவது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு. இரண்டாவது பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக். மூன்றாவது பூஞ்சைக்கான மருந்து. படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதாவது எனக்குத் தேவையாக இருந்தது மூன்றாவது மட்டும்.

ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது அதில் நல்லது என்று பட்டதையும் சொல்ல வேண்டும். கிரீம் வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். வாசனை கிடையாது. துணியில் கறை பிடிக்காது. எங்கள் தொழிலில் அது பெரிய விஷயம், கையில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயிரம் ரூபாய் பட்டுத் துணி வீணாகிவிடும். முக்கியமாக, பூசிய அன்றைக்கு ராத்திரியே அரிப்பு அடங்கியது. பத்து நாளாகச் சரியாகத் தூங்காதவள் அன்று விடியும்வரை தூங்கினேன். மூன்றாம் நாள் சிவப்பு மங்கியது. ஒரு வாரத்தில் இருந்த இடம் தெரியவில்லை. அந்தத் தம்பி சொன்னது அப்படியே பலித்தது என்று நினைத்தேன். பக்கத்துக் கடை அக்காவிடம் டியூபைக் காட்டி, வாங்கச் சொல்லவும் செய்தேன். அவரும் வாங்கினார். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

பன்னிரண்டாம் நாள் திரும்ப வந்தது. இந்த முறை இரண்டு வட்டம்.

அளவெடுப்பது எனக்குக் கைப்பழக்கம். டேப் எப்போதும் கழுத்தில்தான் தொங்கும். சித்திரையில் முதல் வட்டம் குறுக்கே 1 இஞ்ச். ஆனியில் இடப்பக்கம் மட்டும் 4 இஞ்ச். ஆவணி பிறந்தபோது 7 இஞ்ச், முதுகைச் சுற்றி வலப்பக்கம்வரை எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் கிரீம் போட்டால் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வரும். வட்டம் என்ற வடிவமே போய்விட்டது. ஓரம் கலங்கி, வட்டத்துக்குள் வட்டமாக, தண்ணீரில் கல் போட்ட மாதிரி அலை அலையாக இருந்தது. அம்மாவே பார்த்துவிட்டு "இது படர்தாமரை மாதிரி தெரியலையேடி" என்றார். இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்: டீனியா இன்காக்னிட்டோ. ஸ்டீராய்டு போட்டதால் அடையாளம் மாறி ஒளிந்துகொண்ட படர்தாமரை. அனுபவம் உள்ள மருத்துவரே சில சமயம் வேறு நோய் என்று நினைக்கும் அளவுக்கு மாறிவிடுமாம்.

ஐந்து மாதத்தில் ஒன்பது டியூப். கணக்கு நோட்டில் இருக்கிறது, 855 ரூபாய்.

மருத்துவரிடம் போக வைத்தது அரிப்பு இல்லை. ஆவணியில் ஒரு நாள் நாடாவைச் சற்று இழுத்துக் கட்டியபோது சுருக்கென்றது. அவிழ்த்துப் பார்த்தால் தோல் கன்றி, ஓரிடத்தில் கீறி ரத்தம் கசிந்திருந்தது. கட்டியது பருத்தி நாடாதான், கத்தி இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று நன்றாகப் பார்த்தேன். பல தடவை துவைத்து நைந்த மல் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியுமே, தோல் அப்படி இருந்தது. உள்ளே ஓடும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் மாதிரி தெரிந்தன. அதன் குறுக்கே ஊதா கலந்த சிவப்பில் கோடுகள். எண்ணினேன், ஏழு. பிள்ளை பெற்ற வயிற்றில் வருவது போன்ற வரி, ஆனால் அங்கே வர எந்தக் காரணமும் இல்லை.

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போனேன். மருத்துவர் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "என்ன டியூப் போட்டீங்க?" என்பதுதான். பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் பார்த்துவிட்டு "எவ்வளவு நாளாம்மா?" என்றார். ஐந்து மாதம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "இன்னைக்குக் காலையில இருந்து நீங்க ஆறாவது ஆள்" என்றார்.

அப்புறம் மழுங்கிய பிளேடு ஒன்றால் ஓரத்தில் லேசாகச் சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் எடுத்தார்கள். அதன் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு. தோலின் செல்களை அது கரைத்துத் தெளிவாக்கிவிடுமாம், பூஞ்சையைக் கரைக்காதாம். பரிசோதனைக் கூடத்தில் இருந்த அம்மா நல்ல மனசுக்காரர். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு "பாக்கறீங்களா?" என்று மைக்ராஸ்கோப்பை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். முதலில் மங்கலாகத்தான் தெரிந்தது. அவர் திருகைத் திருப்பிக் காட்டியதும், கட்டம் கட்டமான தோல் செல்களுக்குக் குறுக்கே நீளமாக, கிளை விட்டு, கணு கணுவாக இழைகள். "பூஞ்சை இழை" என்றார். இருபத்திரண்டு வருடமாக இழையும் நூலுமாகவே வாழ்கிறேன். என் உடம்புக்குள் இப்படி ஒரு இழை பின்னிக்கொண்டு போனது தெரியாமல் இருந்திருக்கிறேன். அந்தத் தகட்டை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஏன் இப்படி ஆனது என்று மருத்துவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பூஞ்சை தோலில் ஏறும்போது உடம்பு அதை எதிர்க்கிறது. சிவப்பு, தடிப்பு, அரிப்பு எல்லாம் அந்த எதிர்ப்பின் அடையாளம். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கும். அரிப்பு நின்றுவிடும். பூஞ்சை மட்டும் தடையில்லாமல் பரவும். "திருடன் வந்தா நாய் குரைக்கும். நாய்க்கு மயக்க மருந்து குடுத்துட்டா வீடு அமைதியாத்தான் இருக்கும்" என்றார். அதே டியூபில் பூஞ்சை மருந்தும் இருக்கிறதே என்று கேட்டேன். அது வேலை செய்ய வாரக்கணக்கு ஆகும். அரிப்பு நிற்க மூன்று நாள் போதும். மூன்று நாளில் நின்றதும் எல்லோரும் மூடியைப் போட்டு வைத்துவிடுகிறோம். அரைகுறையாக மருந்து பட்ட பூஞ்சை இன்னும் தெம்பாகத் திரும்பி வருகிறது.

அதோடு இதில் இருக்கும் ஸ்டீராய்டு சாதாரணமானது இல்லை. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை அவற்றின் வீரியத்தை வைத்து ஏழு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். க்ளோபெட்டசால் முதல் வகுப்பு, அதாவது மிகக் கடுமையானது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் கடைசி வகுப்பு. சோரியாசிஸ் போன்ற நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும்போதுகூட க்ளோபெட்டசாலைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது என்பது அந்த மருந்தின் விதி. நான் பூசியது இருபது வாரத்துக்கும் மேல். அதுவும் வேர்வையில் ஊறி, நாடாவும் சேலை மடிப்பும் மேலே அழுத்தும் இடத்தில். மூடி அழுத்தினால் மருந்து இன்னும் ஆழமாக இறங்குமாம்.

என் வீட்டுக்காரர் கதை இதைவிட மோசம். அவருக்குத் தொடை இடுக்கில் வந்தது, என்னிடமிருந்துதான் ஒட்டியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம்கூடச் சொல்லாமல் அதே டியூபை எடுத்துப் பூசியிருக்கிறார். உடம்பில் எல்லா இடத்துத் தோலும் ஒன்று இல்லை. 1967-இல் வந்த ஓர் ஆராய்ச்சியில், முன்கைத் தோல் உறிஞ்சுவதைப் போல விரைப்பையின் தோல் 42 மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சுவதாகக் கண்டிருக்கிறார்கள். நெற்றியே 6 மடங்கு. மூன்று மாதத்தில் அவருக்கு இரண்டு தொடையிலும் விரல் அகலத்துக்கு வரிகள் விழுந்துவிட்டன. அரிப்பும் பூஞ்சையும் போயின. வரிகள் நிறம் வெளுத்து அப்படியே இருக்கின்றன. இனி மறையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆண்கள் இதைப் படித்தால், தயவு செய்து கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் மருத்துவர் தினமும் பார்க்கிற இடம்தான் அது.

கடையில் ஹூக் கட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். கல்யாணத்துக்கு முன் முகப்பருவுக்கும் கருமைக்கும் இதே மாதிரி ஒரு கிரீமைத் தோழி சொல்லிப் பூசினாள். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது உண்மை. இரண்டாம் மாதம் வெயிலில் நின்றால் எரிச்சல், கன்னத்தில் சிவப்பு நரம்பு, முன்பு இல்லாத இடத்தில் பூனைமுடி, நிறுத்தினால் கொத்துக் கொத்தாகப் பரு. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அந்தப் பிள்ளை என் கடையில் உட்கார்ந்து அழுதாள். இந்த வகை கிரீம் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். கண்ணுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் பட்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும்கூட வரலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டயப்பர் கட்டும் இடத்தில் சிவந்தால் பாட்டிமார் வீட்டில் இருக்கும் டியூபை எடுத்துத் தடவிவிடுவார்கள். டயப்பரே மூடிக் கட்டின மாதிரிதான். குழந்தையின் தோல் மெல்லியது, உடம்பு சின்னது. பூசிய மருந்து ரத்தத்தில் கலந்து முகம் ஊதி, வளர்ச்சி தடைபடும் அளவுக்குப் போனதுண்டு.

சரி, இந்த ஆன்டிபயாடிக் எதற்கு? என் நிலையில் எதற்குமே இல்லை. பாக்டீரியா இல்லாத இடத்தில் அதைத் தினமும் பூசினால், அதற்கு அடங்காத பாக்டீரியாவை நாமே வளர்த்து விடுகிறோம். நியோமைசின் சிலருக்கு ஒவ்வாமையையும் தரும். பூசிய இடமே புதிதாக அரிக்கும், நோய் அதிகமாகிவிட்டது என்று நினைத்து இன்னும் பூசுவோம்.

பூஞ்சையும் முன்பு மாதிரி இல்லை என்றார் மருத்துவர். இந்தியாவில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் படர்தாமரை வழக்கமான மருந்துக்குக் கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது பரவுகிற வகைக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர். 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர், இந்திய, நேபாள நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையை வைத்து. டெர்பினஃபின் என்ற, ஒரு காலத்தில் கைகண்ட மருந்துக்கு இதில் பல கிருமிகள் அடங்குவதில்லை. நம் நாட்டின் பெயரை ஒரு நோய்க்கிருமி சுமந்துகொண்டு உலகம் சுற்றுகிறது. மருந்துக்கடைகளில் கண்டபடி விற்ற இந்தக் கலவை கிரீம்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கு எதிராக வருடக்கணக்காகக் குரல் கொடுத்துவருகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. முன்பு பூசும் ஸ்டீராய்டுகளுக்கு ஒரு விலக்கு இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று. அதே வருடம் செப்டம்பரில் 328 கலவை மருந்துகளுக்குத் தடை வந்தது, அதில் தோல் கிரீம்களும் உண்டு. தடைக்கு அப்புறம் உள்ளே ஒரு மருந்தை மாற்றிப் புதுக் கலவையாக வந்தவையும் இருக்கின்றன. சட்டம் வந்த பிறகும் என்னிடம் ஒன்பது முறை சீட்டில்லாமல் விற்றார்கள். ஒன்பது முறையும் அதே கடைதான். ஒரு தடவை "இன்னும் சரியாகலியா, டாக்டரைப் பாருங்க" என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தால் எனக்குத் தொடக்கத்திலேயே விடிவு வந்திருக்கும். எனக்கு அந்த வருத்தம் ஆறவில்லை.

டியூபில் நீங்கள் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். அட்டைப் பெட்டியிலும் டியூபிலும் ஒரு சிவப்புக் கோடு நெடுக ஓடும். ஆர்எக்ஸ் என்ற குறி இருக்கும். அது இருந்தால் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து. பின்னால் பொடி எழுத்து. எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை, மெஷின் லைட்டுக்கு அடியில் லென்ஸ் வைத்துத்தான் படித்தேன். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிக்கசோன், இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. ஒரு இடத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். க்ளோபெட்டசால் என்பது ஸ்டீராய்டு, க்ளோட்ரிமசோல் என்பது வெறும் பூஞ்சை மருந்து. எழுத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வேலையில் நேர் எதிர். அவசரத்தில் கடையில் வாய்தவறிக் கேட்டுவிடவும் முடியும்.

அப்படியானால் ஸ்டீராய்டு கலந்த கிரீமே கூடாதா என்றால், அப்படி இல்லை. என் நாத்தனாருக்குக் கையில் பல வருடமாகக் கரப்பான் என்கிற தோல் அழற்சி. பாத்திரம் தேய்க்கும் சோப்பில் வெடித்து, சீழ் வைத்து, மஞ்சளாகப் பொருக்கு கட்டிவிட்டது. அவருக்குத் தோல் மருத்துவரே ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கிரீமை எழுதிக் கொடுத்தார். ஏழே நாள், காலையும் ராத்திரியும், எட்டாம் நாள் வந்து காட்ட வேண்டும் என்று சீட்டிலேயே தேதி போட்டார். ஒரு வாரத்தில் கை ஆறிவிட்டது. அப்புறம் வெறும் ஈரப்பசை கிரீம்தான். நோய் இன்னதென்று பார்த்து, அளவும் நாளும் குறித்துக் கொடுத்தால் இது நல்ல மருந்து. எனக்கு யாரும் பார்க்கவில்லை, யாரும் குறிக்கவில்லை.

அளவு எப்படி என்று நாத்தனாருக்குச் சொல்லிக் கொடுத்ததை நானும் கற்றுக்கொண்டேன். சுட்டுவிரல் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரை டியூபை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். அந்தக் கணக்கில் 15 கிராம் டியூபில் முப்பது விரல்நுனி இருக்கிறது. நான் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விரல் எடுத்துத் தேய்த்திருக்கிறேன், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. மெல்லிசாகத் தடவ வேண்டும், மேலே கட்டுப் போடக்கூடாது, பூசிய கையைக் கழுவ வேண்டும், ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் தொடக்கூடாது. குறித்த நாளில் நிறுத்திவிட வேண்டும். குறையவில்லை என்றால் அதே டியூபை மறுபடி வாங்காமல் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு என்று அலமாரியில் வைக்காதீர்கள்.

எனக்குத் தந்த சிகிச்சையில் முதல் வேலை அந்த டியூபை நிறுத்துவது. நிறுத்தியதும் பத்து நாள் அரிப்பு பயங்கரமாக ஏறும் என்று முன்கூட்டியே சொல்லி, அரிப்பு மாத்திரையும் கொடுத்தார். ஏறத்தான் செய்தது. நாலாம் நாள் ராத்திரி பழைய டியூபை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பே சொல்லியிருக்காவிட்டால் கட்டாயம் பூசியிருப்பேன். ஆனால் உடம்பில் பெரிய பரப்பில் மாதக்கணக்கில் பூசியவர்களும் குழந்தைக்குப் பூசியவர்களும் தாங்களாகவே சட்டென்று நிறுத்த வேண்டாம். உடனே மருத்துவரிடம் போய்ச் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

பூசுவதற்கு ஸ்டீராய்டு கலக்காத வெறும் பூஞ்சை கிரீம். அரிப்பு இருக்கும் இடத்தோடு நிற்காமல், ஓரத்தைத் தாண்டி 2 சென்டிமீட்டர், எங்கள் கணக்கில் முக்கால் இஞ்ச், வெளியில் இருந்து உள்நோக்கிப் பூச வேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் ஓரத்துக்கு வெளியேயும் போயிருக்கும். தையலுக்குத் துணி விடுவது போல என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். அதோடு பூஞ்சைக்கு உள்ளே சாப்பிடும் இட்ராகோனசோல் கேப்சூல். அதன் அளவை இங்கே எழுத மாட்டேன், ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட உடனே போட வேண்டும், கேஸ் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சேராது. வீட்டுக்காரர் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றதும் மருத்துவர் அதன் பெயரைக் கேட்டு மாற்றித் தந்தார், அந்த மாத்திரையும் இந்தக் கேப்சூலும் ஒன்றுக்கொன்று ஆகாதாம். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

வீட்டுக்காரரின் அரைஞாண் கயிறையும் கழற்றச் சொன்னார். எப்போதும் வேர்வையில் நனைந்து கிடக்கும் அந்தக் கறுப்புக் கயிற்றிலேயே பூஞ்சை தங்கும், எத்தனை மருந்து போட்டாலும் திரும்பத் திரும்ப வரும் என்று. மாமியார் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. அப்புறம் அவரே கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

துணி விஷயம் என் கையில் இருந்தது. எங்கள் இருவர் துணியையும் தனியாகச் சுடுதண்ணீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போட்டு, பிறகு நாடாவும் மடிப்பும் நன்றாகச் சூடு படும்படி அயர்ன் செய்தேன். ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு சோப்பு. அப்புறம் எனக்கான பாவாடைகள் எல்லாவற்றிலும் கயிறு மாதிரி நாடாவை எடுத்துவிட்டு, இரண்டு இஞ்ச் அகலத்துக்கு மெல்லிய பருத்திப் பட்டை வைத்து, பக்கவாட்டில் கொக்கி தைத்தேன். ஒரே கோட்டில் அழுத்தாமல் அகலமாகப் பரவி உட்காரும். இப்போது கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான் தைத்துத் தருகிறேன். பட்டைக்குத் தனிக் கூலி வாங்குவதில்லை.

முழுதாகச் சரியாக ஒன்பது வாரம் ஆனது. ஐப்பசி தீபாவளி வேலை நெருக்கடியிலும் ஒரு நாள் விடாமல் பூசினேன். கடைசியாக ஒரு தடவை சுரண்டிப் பார்த்தார்கள், இழை இல்லை. தோல் பழைய தடிப்புக்கு மெல்ல வந்துகொண்டிருக்கிறது, கன்றுவதில்லை. ஏழு கோடும் வெளுத்து வெள்ளிச் சரிகை மாதிரி நிற்கின்றன.

மதிப்பெண் கேட்டால், படர்தாமரைக்கு இந்த வகை கிரீமுக்கு ஐந்துக்குப் பூஜ்யம். தோல் மருத்துவர் பார்த்து, நாள் குறித்து எழுதித் தந்தால் மட்டும் அவர் சொன்ன நாள்வரைக்கும் நம்பலாம். பக்கத்துக் கடை அக்காவைக் கையோடு அதே தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அவர் இரண்டு டியூபோடு நிறுத்தியிருந்ததால் கோடு எதுவும் விழவில்லை.

வீட்டில் இப்படி ஒரு டியூப் வைத்திருந்து, பின்பக்க எழுத்துப் படிக்க முடியவில்லை என்றால், பிளவுஸ் கொடுக்க வரும்போது எடுத்து வாருங்கள். லென்ஸும் லைட்டும் மெஷின் மேலேயேதான் இருக்கின்றன.